சுளவின் மேல் வைத்த கீபோர்டு

பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்று காலை, கதவைத் திறந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஏலே, எத்தன நாளைக்கு?" என்பதுதான்.

"தெரியலக்கா."

"தெரியாட்டா வாசல்ல நிக்காத. உள்ள வந்து கதவச் சாத்து. தூள் பறக்குது."

தூள் என்றால் பீடித் தூள். அக்கா போய் உட்கார்ந்து சுளவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுளவு என்பது நெல் புடைக்கிற முறம்தான். எங்கள் பக்கம் அதில் நெல் கிடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வெட்டிய பீடி இலையும் தூளும் நூல்கண்டும்தான் கிடக்கும். அக்கா பத்து வயதில் அதை மடியில் வைத்தாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு உவரியில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், புனேயில் தட்டுக் கழுவினேன். எந்த ஊரிலும் மூன்று மழைக்காலம் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை, இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசியாக பெங்களூரில், பிள்ளைகள் வந்து கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஒரு கேமிங் சென்டரில் துடைக்கிற வேலை. அதை இழுத்து மூடினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு, அக்கா வீடு இருக்கிற தச்சநல்லூர் வந்துவிட்டேன்.

அந்தப் பையில் இரண்டு சட்டையும், ஒரு பழைய லேப்டாப்பும், ஒரு கீபோர்டும் இருந்தன.

அக்கா வீட்டில் அப்போது ஒரே பேச்சு டைப்ரைட்டிங் பரீட்சைதான். அத்தான் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். முந்தின வருஷம் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை தரலாம் என்றார்கள். அவள் பீடி சுற்றிக்கொண்டே தனியாகப் படித்துப் பன்னிரண்டு தேறியிருந்ததால் தட்டச்சர் வேலை. ஆனால் டைப்ரைட்டிங்கில் லோயர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கொடுத்த கெடுவுக்குள் மூன்று பரீட்சை வந்தது. இரண்டில் தோற்றுவிட்டாள். மீதி ஒன்று. அதிலும் போனால் கோப்பைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் சுளவுதான்.

"இதுல கூத்து என்ன தெரியுமா?" என்றாள் அக்கா. "அந்த ஆபீஸ்ல டைப்ரைட்டரே கெடயாது. எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஒரே ஒரு மெஷின் ஸ்டோர் ரூம்ல கெடக்கு, அதுல குருவி கூடு கட்டியிருக்கு."

"பெறகு எதுக்கு மெஷின்ல பரீட்ச?"

"அத நான் கேக்க முடியுமாலே? குருவிகிட்ட வேணா கேக்கலாம்."

டைப் இன்ஸ்டிடியூட் ஜங்ஷன் பக்கம், ஒரு கட்டடத்தின் மாடியில். மறுநாள் அக்காவோடு நானும் போனேன். நாற்பது மெஷின், நாற்பதும் ஒன்றாக அடிக்கும்போது தகரக்கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருந்தது. டீச்சர் அறுபதை நெருங்கிய அம்மாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எந்த மெஷினில் யார் தப்பாக அடித்தார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்.

"ஒங்க அக்காவுக்கு வேகம் இருக்கு, பிழை இல்ல. ஆனா கம்பி சிக்குது" என்றார்.

டைப்ரைட்டரில் ஒவ்வொரு கீயை அடிக்கும்போதும் ஒரு எழுத்துக் கம்பி எழும்பிப் போய் தாளில் குத்திவிட்டுத் திரும்பி விழும். ஒன்று விழுவதற்குள் இன்னொன்று எழும்பினால் இரண்டும் தாளுக்கு முன்னால் கொம்பு மாட்டிக்கொள்ளும். கையால்தான் பிரித்துவிட வேண்டும். அக்காவுக்கு ஒரு பக்கத்தில் ஏழெட்டுத் தடவை மாட்டும். பரீட்சையில் நேரம் அதிலேயே போய்விடும்.

"சுண்டுவிரல்ல பலம் கெடயாது. அரகொறயா அடிக்கா, கம்பி பாதி வழியில நிக்கி, அடுத்தது வந்து மோதுது" என்றார் டீச்சர்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "இந்த வெரலுக்கா பலம் இல்ல? இருபத்தெட்டு வருசம் பீடி சுத்துன வெரலு டீச்சர்."

"பீடி சுத்துதது வேற, டைப் அடிக்கது வேறம்மா. சுண்டுவெரலுக்குத் தனியா ஒரு பக்கம் அடிச்சிட்டுப் போ."

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் பைக்குள் கிடந்த கீபோர்டு நினைவுக்கு வந்தது.

கேமிங் சென்டரில் அது விலை கூடிய சரக்கு. ஒருவன் அதன்மேல் குளிர்பானத்தைக் கொட்டினான். குப்பைக்குப் போட்டதை நான் எடுத்து, கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். யாருக்கும் வேண்டாத இரண்டு கீ மட்டும் செத்துப்போய், மற்றதெல்லாம் உயிரோடு வந்தது. சாதாரணக் கீபோர்டுக்கு இரண்டே சங்கதிதான் தெரியும்: கீ அமுங்கியது, கீ எழும்பியது. இதில் ஒவ்வொரு கீயின் காலிலும் கடுகளவு காந்தம் இருக்கிறது. காந்தம் இறங்க இறங்க, எவ்வளவு இறங்கியது என்று அடியிலிருக்கும் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். பூச்சியம் என்றால் விரல் அமுக்கவே இல்லை. இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் அடிமட்டம். விளையாட்டில் காரை மெதுவாகத் திருப்பவும் சட்டென்று ஒடிக்கவும் அதை வைத்திருந்தார்கள்.

கார் ஓட்டுகிறதை அளக்கிற கீபோர்டு அக்காவின் சுண்டுவிரலை அளக்காதா?

அதே சென்டரில் இருந்த ஒருவர் வேலையில்லாத பகல்களில் இணையப் பக்கங்கள் எழுதுவார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றே நான் ஜாவாஸ்கிரிப்ட் பழகினேன். இங்கிலீஷில் ஒரு லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் எனக்கு வராது. ஃபங்ஷனும் இஃப்பும் எல்ஸும் வரும். அந்தப் பாஷையில் யாரும் என்னை எத்தனாம் வகுப்பு என்று கேட்டதில்லை.

பிரவுசருக்குள் கீபோர்டின் ஆழத்தைக் கொண்டுவருவது லேசில் நடக்கவில்லை. பக்கம் எழுதுகிற எல்லோருக்கும் பிரவுசர் சொல்வது அந்தப் பழைய இரண்டு சங்கதிதான்: அமுங்கியது, எழும்பியது. ஆழம் வேண்டும் என்றால் கருவியோடு நேரே பேச வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சில பிரவுசர்களில் மட்டும். அந்த வழியிலும் நாம் தட்டுகிற எழுத்துகளைத் தரமாட்டார்கள், யாராவது ஒளிந்திருந்து படித்துவிடக் கூடாது என்று. கீபோர்டைச் செய்தவர்கள் ஆழத்துக்கென்று தனியாக ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தால் அதில் வருவதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். இதில் வெட்டி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க ஒன்றுமே வரவில்லை. பக்கம் திறந்ததும் அதுவாகவே கருவியைக் கேட்கும்படி எழுதியிருந்தேன். பிரவுசர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது: பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதை மனுஷக் கை அமுக்கினால்தான் 'எந்தக் கருவி?' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் கீபோர்டைக் காட்டி அனுமதி கொடுக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். "இதுக்கா ஒரு நாளு?" என்றாள். "வீட்டுக்கு வாரவன் கதவத் தட்டிட்டுத்தான வரணும். ஒனக்குத்தான் அந்தப் பழக்கமே கெடயாதே."

பொத்தானை வைத்தேன். பெட்டி வந்தது. அனுமதி கொடுத்ததும் எண்கள் கொட்டின. ஒரு கீயின் எண், அது இறங்கிய ஆழம். அடுத்த கீயின் எண், அதன் ஆழம். அமுங்கியிருக்கிற கீகள் மட்டும்தான் அந்த வரிசையில் வரும். அமுங்காததைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்த எண்களை நிற்கிற பட்டைகளாக வரைந்தேன். கீயை அமுக்கினால் பட்டை எழும்பும், விட்டால் விழும்.

வீட்டில் மேஜை கிடையாது. கீபோர்டை எங்கே வைப்பது என்று பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் சுளவு. இலையையும் தூளையும் ஒரு தட்டில் தள்ளிவிட்டு, சுளவின்மேல் கீபோர்டை வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

"ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்கா" என்றேன். டைப் படித்த எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம்.

அடித்தாள். சுண்டுவிரலின் பட்டை விருட்டென்று உச்சிக்குப் போனது. இருநூற்று ஐம்பத்தைந்து.

"பாத்தியா?" என்றாள் அக்கா. பரீட்சையே தேறிவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "பலம் இல்லயாம், பலம்."

நானும் சிரித்தேன். ஆனால் படத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. ஏ பட்டை விழுவதற்கு முன்னாலேயே எஸ் எழும்பியது. அது நிற்கும்போதே டி. சில சமயம் மூன்று பட்டை சேர்ந்தாற்போல நின்றுகொண்டிருந்தது. கருவி பேசாத கீயைப் பூச்சியமாக்க வேண்டியது என் வேலை. அதை எங்கேயோ கோட்டை விட்டுவிட்டேன் என்று முடிவு கட்டினேன். நானே அடித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக விழுந்தது. ஆனால் நான் அடிப்பது இரண்டு ஆள்காட்டி விரலால், கோழி கொத்துகிற மாதிரி. வேகமாக அடித்தால் வருகிற பிழை போலிருக்கிறது என்று, ஒரு வரி சேர்த்தேன்: புதிதாக ஒரு கீ இறங்கினால் மற்ற எல்லாவற்றையும் பூச்சியமாக்கு. பட்டைகள் அழகாக ஒவ்வொன்றாக எழும்பி விழுந்தன. கோயில் தேருக்கு முன்னால் ஆடுகிறவர்கள்கூட அப்படி அடவு தப்பாமல் ஆடமாட்டார்கள்.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீச்சரிடம் போனேன். "டீச்சர், அக்கா வெரல்ல ஒரு கொறயும் இல்ல. கம்ப்யூட்டர்ல அளந்து பாத்துட்டேன். மெஷின்லதான் கோளாறு."

அவர் கோபப்படவில்லை. மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த மெஷினைத் திறந்தார். அங்கே இருப்பதிலேயே அதுதான் நல்ல மெஷினாம். "இதுல அடிம்மா" என்றார்.

அக்கா தாளைச் சொருகினாள். இரண்டாவது வரியில் கம்பி சிக்கியது. பிரித்துவிட்டாள். மூன்றாவது வரியில் மூன்று கம்பி சேர்ந்து சிக்கின. சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆலங்கட்டி மழை நின்றுவிட்டது.

"தம்பி," என்றார் டீச்சர், "ஒங்க கம்ப்யூட்டர் சொல்லுதது என் மெஷினுக்குக் கேக்கலயே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு கேட்டாள்.

"ஏலே, மொதல்ல அந்தப் பட்ட வேற மாதிரில்லா நின்னுச்சு? பெறகு நீ என்னத்தயோ மாத்துன."

"அது தப்பா காட்டிச்சுக்கா. சரி பண்ணுனேன்."

"தப்பா காட்டிச்சுன்னு யார் சொன்னா?"

நான் லேப்டாப்பைத் திறந்து, சேர்த்த வரியைத் தேடினேன்.

"மாத்துனத எடுத்துட்டு, டீச்சர அடிக்கச் சொல்லு. அவுகளுக்கும் அப்பிடிக் காட்டுனா ஒன் கம்ப்யூட்டர் தப்பு. காட்டலன்னா நான் தப்பு."

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு படித்த படிப்பில் இந்தப் பாடம் வரவில்லை. அந்த வரியை அழித்தேன். லேப்டாப்பையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு அக்காவோடு மறுபடி மாடியேறினேன். டீச்சர் கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு அடித்தார். ஒரு பட்டை எழும்பி, விழுந்து, அதற்குப் பிறகுதான் அடுத்தது எழும்பியது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் இரண்டு சேர்ந்து நிற்கவில்லை. என் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு அக்கா அடித்தாள். இரண்டு, மூன்று, ஒரு இடத்தில் நான்கு பட்டை கும்பலாக நின்றன.

டீச்சர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது பலம் இல்லாத கை இல்ல. விட மாட்டேங்குத கை. முப்பது வருசமா சொல்லிக் குடுக்கேன், கம்பி சிக்குனா பலம் பத்தலன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எத்தன பிள்ளைய சுண்டுவெரலப் போட்டு வதச்சிருக்கேனோ" என்றார். அன்று அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதற்குப் பதில் வீட்டிலேயே இருந்தது. அக்கா பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்தேன். இடது கை இலையைப் பிடிக்கும். வலது கை தூளைப் போடும். இரண்டும் சேர்ந்து உருட்டும். வலது கை நுனியை மடக்கி நூலைச் சுற்றி முடிகிற வரைக்கும், இடது கையில் ஒரு விரல்கூட விலகாது. விலகினால் பீடி அவிழும். ஒரு விரல் பிடித்திருக்கும்போதே அடுத்த விரல் வேலையைத் தொடங்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அவள் கை அதைத்தான் படித்திருந்தது.

அடுத்த கீ இறங்கும்போது முந்தின கீ பாதி ஆழத்துக்கு மேல் அமுங்கியிருந்தால் சத்தம் போடும்படி பக்கத்தை மாற்றினேன். முதலில் 'கீய்ங்' என்று ஒரு சத்தம் வைத்தேன். "நெஞ்சு பதறுது, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. சத்தத்தை எடுத்துவிட்டு என் குரலையே பதிந்து வைத்தேன்: "விடுக்கா."

முதல் நாள் அது ஓயவே இல்லை. விடுக்கா, விடுக்கா, விடுக்கா. மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஒன் தம்பி காலையிலேருந்து யார விடச் சொல்லுதான்? சண்டையா? வரட்டுமா?"

"நீ வேற. என் வெரலுகிட்ட பேசுதான்."

"வெரலுகிட்டயா? வேப்பெல அடிக்கணும்டி, விட்டுராத."

ஒரு வாரத்தில் விடுக்கா குறைந்தது. ஆனால் வேறொரு வினை வந்தது. சனிக்கிழமை அக்காவுக்குப் பதிலாக நான் பீடியைக் கடையில் கொடுக்கப் போனேன். கடை அண்ணாச்சி ஒரு கட்டைப் பிரித்து, ஒரு பீடியை எடுத்து இரண்டு விரலால் லேசாக உருட்டினார். அவிழ்ந்தது. இன்னொன்று. அதுவும் அவிழ்ந்தது.

"என்ன வே இது? ஒங்க அக்கா கை பீடி மாதிரியே இல்லயே. நீரா சுத்துனீரு?"

"அக்காதான் அண்ணாச்சி."

"அவ சுத்துனத மாடு மிதிச்சாலும் அவுறாதே. ஒடம்புக்குச் சரியில்லயா?"

கொண்டுபோனதில் பாதியைத் தேறாது என்று கழித்துப் போட்டுவிட்டார். அந்த வாரம் ரேஷன் அரிசிக் கஞ்சியும் துவையலும்தான். அது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அக்கா சுளவைப் பார்த்தபடி சொன்னது எனக்குச் சுட்டது. "விடு விடுன்னு பழக்குன. இப்ப எல்லாத்தயும் விடுது. அங்கயும் தேறாம, இங்கயும் கழிச்சிட்டா நான் என்னத்தலே செய்ய?"

கீபோர்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன். எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. நிலைமை முறுகினால் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவது என் பழைய வைத்தியம். ஜங்ஷனில் போய் வடக்கே போகிற ரயில்களின் பலகையைக்கூட ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் சுளவு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வெந்தயம் அரைத்து, ஊறவைத்த காகிதக் கூழோடு சேர்த்து மெழுகியிருந்தாள். ஓட்டை அடைக்க வருஷத்துக்கு ஒரு தடவை செய்வது. அது காயும்வரை பீடி இல்லை.

"சும்மாதான இருக்கேன். அதக் கொண்டா" என்றாள். பைக்குள் வைத்ததைச் சொல்கிறாள்.

சுளவு இல்லாததால் மூடி போட்ட தண்ணீர் டிரம்மின் மேல் கீபோர்டை வைத்தேன். உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்தேன். அக்கா உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க அடித்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் குரலே அதிகம் கேட்கவில்லை.

"சத்தத்த அமத்தி வச்சிருக்கியாக்கா?"

"இல்லயே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பி விழுந்துகொண்டிருந்தன. இடையில் எப்போதாவது ஒரு தடவை இரண்டு ஒட்டி நிற்கும், விடுக்கா என்று ஒரு குரல், அவ்வளவுதான். மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்து அடிக்கச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து மடியில் சுளவோடு அடித்தால் ஒரு பக்கத்தில் நாற்பது தடவை கத்தினேன். அதே பக்கத்தை நாற்காலியில் அடித்தால் ஐந்தாறு. விடப் பழகிவிட்ட கைதான், ஆனால் சுளவு மடிக்கு வந்ததும் மறுபடி பீடிக்குத் தயாராகிவிடுகிறது. அந்தக் கையோடுதான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் விரலில் கோளாறு கிடையாது, என் நிரலில் கோளாறு கிடையாது. அளவெடுத்த மாதிரி உட்கார்ந்ததே என்று நான் மகிழ்ந்துபோய் வைத்த இடம்தான் கோளாறு.

அதற்குப் பிறகு சட்டம் போட்டாள். காலையில் நாற்காலி, டிரம், டைப். மத்தியானம் தரை, சுளவு, பீடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கையைக் கழுவுவாள். இரண்டு வாரத்தில் கடை அண்ணாச்சி ஒரு பீடியை உருட்டிப் பார்த்து, "இப்ப அவ கை" என்று சொல்லி உள்ளே வைத்தார். இன்ஸ்டிடியூட்டில் கம்பி சிக்குவது ஒரு பக்கத்தில் ஒன்றாகி, சில பக்கங்களில் ஒன்றும் இல்லாமலும் ஆனது. டீச்சர் வேறு இரண்டு பெண்களையும் என்னிடம் அனுப்பினார். இருவரும் எங்கள் தெருப்பக்கத்துப் பீடிக்காரிகள்தான்.

பரீட்சை நாங்குநேரி ரோட்டில் ஒரு கல்லூரியில். மெஷின்களை இன்ஸ்டிடியூட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். ஒரு லோடு ஆட்டோவில் மெஷின்களை ஏற்றி, இடுக்குகளில் பிள்ளைகளும் ஏறினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் ஆளுக்கொரு மெஷினை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டிரைவர்.

"நான் மடியில வைக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"ஏம்மா, ஆட்டத்துல கீழ விழுந்து ஒடையும்லா?"

"ஒடஞ்சா ஒடையட்டும் அண்ணாச்சி. மடியில மட்டும் வைக்க மாட்டேன்."

டிரைவர் என்னைப் பார்த்தார். விளக்கினால் நாங்குநேரி தாண்டிவிடும் என்று, மெஷினை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

கல்லூரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மணி அடித்ததும் உள்ளே எத்தனையோ மெஷின்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. அதில் அக்காவின் மெஷின் எது என்று காதைத் தீட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருக்கும். அவரோ என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்த அக்கா, "ஒரே ஒருக்க சிக்குச்சு. பதறல. பைய, மெல்லமா எடுத்து விட்டுட்டு அடிச்சேன். முடிச்சிட்டேன்" என்றாள். பிறகு, "பசிக்குது" என்றாள்.

முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். நான் அந்த இரண்டு மாதமும் தச்சநல்லூரிலேயே இருந்தேன். கடைகளில் கம்ப்யூட்டர் துடைத்தேன், பிரிண்டருக்கு மை ஊற்றினேன். ரயில் பலகையைப் பார்க்கப் போகவில்லை. போகத் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். முடிவு தெரியாமல் போவது சரியில்லை என்று இருந்தது.

முடிவு வந்த அன்று காலை லேப்டாப்பை டிரம்மின் மேல் வைத்தேன். ஒரு பக்கம் முடிவு பார்க்கிற தளம், ஒரு பக்கம் என் பட்டைகள். வேறு பக்கத்தில் தட்டினாலும் கருவி என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கும்; அதனால் இரண்டும் சேர்ந்து தெரிந்தன. நான் அடிக்கிறேன் என்றேன். "ஒன் கோழிக் கொத்தலுக்கு இன்னைக்கு எடம் கெடயாது, தள்ளு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதிவு எண்ணை அடித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை எழும்பி, முழுக்க விழுந்து, அதற்குப் பிறகுதான் அடுத்தது எழும்பியது. கடைசியில் என்டர். அந்தப் பட்டை உச்சிக்குப் போய் நின்றது. தளம் ஏதோ யோசித்தது. பிறகு அவள் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே, தேர்ச்சி என்று வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னட்டி ஆச்சு?" என்று கேட்டாள். நான் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தினாள். அக்கா மட்டும் அசையவில்லை. திரையில் என்டர் பட்டை இருநூற்று ஐம்பத்தைந்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. சுண்டுவிரல் அடிமட்டத்தில் இருந்தது.

"விடுக்கா" என்றேன்.

"இரு லே," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "இத மட்டும் பைய விடுதேன்."